எண்ணூர்க் கழியும் பழவேற்காட்டு ஏரியும்

மாசி பிறந்து விடியற்காலத்துப் பனி மெல்லக் குறையத் தொடங்கியதும், சென்னைவாசிகளில் வசதி படைத்தவர்களின் நினைவு மலைகளை நோக்கித் திரும்பிவிடுகிறது. உதகை ஏரியின் கரையில் உலாவவும், கொடைக்கானல் ஏரியைச் சுற்றிவரும் பாதையில் மூடுபனிக்கிடையே நடக்கவும் ஆசைப்படுவது இயற்கைதான். அவ்விடங்களின் அழகை நானும் அனுபவித்தவன். ஆனால் உதகை ஏரி 1824ஆம் ஆண்டில் கோயமுத்தூர்க் கலெக்டர் ஜான் சல்லிவனும், கொடைக்கானல் ஏரி 1863இல் மதுரைக் கலெக்டராயிருந்த வியர் லெவிஞ்சும் ஓடைகளை மறித்து உண்டாக்கியவை. மனிதன் அணை கட்டாமல், கடலும் ஆறும் காற்றும் மணலும் கூடித் தாமாகவே அமைத்த ஒரு பெரிய நீர்ப்பரப்பு நம் நகரத்தின் வடக்கு வாயிலிலேயே இருக்கிறது. அதன் தென்கோடி எண்ணூர், வடபகுதி பழவேற்காடு. பின்பனியினூடே வசந்தம் தலைகாட்டும் இந்த நாட்களில் அதைக் கரையோரமாகவே பின்பற்றிச் சென்று பார்க்கவேண்டும் என்ற நெடுநாள் விருப்பம் இவ்வாண்டு நிறைவேறிற்று.

யாத்திரைக்கு இராயபுரத்தைத் தொடக்கமாகக் கொண்டது வீண் சம்பிரதாயமன்று. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதி இந்த ஊர் நிலையத்திலிருந்துதான் வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்டது. நெடிய தூண்கள் தாங்கும் அந்தக் கட்டடம் இன்றும் நிற்கிறது. பார்க்க வருவோர் சிலரே. அங்கிருந்து கிழக்கே வந்தால் காசிமேடு. விடியுமுன் ஏலம் நடக்கும் அந்தத் துறைமுகத்தின் ஆரவாரத்தைப் பற்றிப் பலர் எழுதியிருக்கிறார்கள். என் கண்ணை இழுத்தது வேறொன்று: கரை நெடுகிலும் குவித்துப் போட்டிருக்கும் கருங்கற்கள். மணல் இருக்கவேண்டிய இடத்தில் கல் இருக்கிறது. இராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடல் வழியே செல்பவன் மைல் கணக்கில் இந்தக் கற்சுவரைத்தான் பார்த்துக்கொண்டு போகவேண்டும்.

இதன் காரணத்தை அறிந்துகொள்ளாமல் மேலே சென்றால் பிரயாணத்தின் பொருளே விளங்காது. நம் கரையில் வருஷத்தில் பெரும்பகுதி அலைகள் தென்கிழக்கிலிருந்து வந்து மோதுகின்றன. அப்போது மணல் கரையை ஒட்டி வடக்கே நகருகிறது. வாடைக்காலத்துச் சில மாதங்களில் மட்டும் அது தெற்கே திரும்புகிறது. வடக்கிலிருந்து தெற்கே ஓடும் நீரோட்டத்தை வண்ணி என்றும், தெற்கிலிருந்து வடக்கே ஓடுவதைத் தெண்டி என்றும் செம்படவர்கள் சொல்லுகிறார்கள். வரவு செலவு பார்த்தால், ஆண்டு முடிவில் மணலின் நடை வடக்கு நோக்கியதே. சென்னைத் துறைமுகத்துக்கு 1875இல் அடிக்கல் நாட்டிச் சுவர்களைக் கடலுக்குள் நீட்டியபோது அந்த நடை தடைப்பட்டது. 1881ஆம் ஆண்டுப் புயல் அச்சுவர்களைச் சிதைத்தது, மீண்டும் கட்டினார்கள். தடைப்பட்ட மணல் தெற்கே தங்கி, இன்று நாம் மாலையில் காற்று வாங்கும் மெரினாவை அகலமாக்கிற்று. வடக்கே வரவேண்டிய மணல் வராமையால் கடல் இராயபுரத்தையும் திருவொற்றியூரையும் அரித்துக்கொண்டே வந்தது. தென்சென்னையின் மணல்வெளியும் வடசென்னையின் கற்சுவரும் ஒரே செயலின் இரண்டு விளைவுகள் என்பதை மெரினாவில் அமர்ந்திருப்போரில் எத்தனை பேர் அறிவார்கள்?

திருவொற்றியூரை அடைந்தபோது மாசிப் பிரம்மோற்சவத்துக்கான பந்தல் வேலை நடந்துகொண்டிருந்தது. ஆதிபுரீசுவரரும் தியாகேசரும் வடிவுடையம்மனும் எழுந்தருளியிருக்கும் இந்தத் தலத்தில் ஒரு நாள் முழுவதும் தங்கினாலும் போதாது. கருவறை விமானம் பின்புறம் வளைந்து, யானையின் முதுகைப் போன்று அமைந்திருப்பதால் கஜபிருஷ்டம் எனப்படும். முதலாம் இராஜேந்திர சோழன் காலத்தில், சதுரானன பண்டிதர் என்ற மடத்தலைவரின் வேண்டுகோளின்படி, இரவி என்ற சிற்பி இதைக் கருங்கல்லால் எடுத்தான் என்று கல்வெட்டு கூறுகிறது. சதுரானன பண்டிதர் என்ற பட்டத்தைத் தாங்கிய மடாதிபதிகள் இங்கே பரம்பரையாக இருந்தார்கள். அவர்களுள் முற்பட்ட ஒருவருடைய வரலாறு நெஞ்சை உருக்குவது. கேரள தேசத்தில் பிறந்த வல்லபன் என்ற அவர், சோழ இளவரசன் இராஜாதித்தனுக்கு உற்ற நண்பராகவும் சேனைத் தலைவராகவும் விளங்கினார். 949இல் தக்கோலப் போர்க்களத்தில் இராஜாதித்தன் யானைமேல் இருந்தபடியே உயிர்நீத்தபோது வல்லபன் அருகில் இல்லை. தலைவனோடு மாளும் பேறு தமக்கு வாய்க்கவில்லையே என்ற துயரம் அவரைக் கங்கைக்குத் துரத்திற்று. அங்கிருந்து திரும்பியவர் உலகைத் துறந்து, திருவொற்றியூரில் குருவை அடைந்து, துறவியாகிச் சதுரானனர் எனப் பெயர் பெற்றார். வாளை வைத்துவிட்டு வந்த ஒரு வீரர் அலையோசை கேட்கும் இந்த ஊரைத் தேர்ந்துகொண்டாரே என்று எண்ணியபடி நான் பிரகாரத்தில் நெடுநேரம் நின்றேன்.

இத்தலத்தின் மகிழ மரத்தைச் சொல்லாமல் போவது அபசாரம். சங்கிலியாரை மணக்க விரும்பிய சுந்தரர், அவரைப் பிரியேன் என்று சபதம் செய்ய நேர்ந்தது. சந்நிதியில் சபதம் செய்யும்போது இறைவன் லிங்கத்தை விட்டு மகிழடியில் போய் இருக்கவேண்டும் என்று சுந்தரர் முன்கூட்டியே விண்ணப்பித்துக்கொண்டார். இறைவனோ சங்கிலியாரின் கனவில் தோன்றி, மகிழின் கீழேயே சபதம் கேட்கும்படி சொல்லிவிட்டான். மாசி விழாவில் நடைபெறும் மகிழடி சேவை அந்தச் சபதத்தின் வைபவமே. பிறகு வசந்தம் வந்தது; தென்றல் வீசிற்று; திருவாரூரின் வசந்த விழா சுந்தரரின் உள்ளத்தில் எழுந்தது; எல்லை கடந்தார், கண்ணொளி இழந்தார். பருவம் மாறும்போது கால்கள் ஓரிடத்தில் நிற்க மறுக்கின்றன என்பதைச் சேக்கிழார் நன்கு அறிந்திருந்தார். கடலோரத்தில் பட்டினத்தாரின் சமாதி இருக்கிறது. வள்ளலார் இளமையில் நாள்தோறும் நடந்து வந்து தொழுததும் இந்தக் கோயிலைத்தான். தியாகையர் அம்பிகையைப் பாடிய பஞ்சரத்தினமும் இந்த ஊருக்கு உரியது. இத்தனை பெரியோர்களின் காலடி பட்ட மண்ணைத் தொழிற்பேட்டை என்ற ஒரே சொல்லால் நாம் குறிப்பிட்டு முடித்துவிடுகிறோம்.

திருவொற்றியூருக்கு வடக்கே தொழிற்சாலைகளின் மதில்கள் தொடங்கிவிடும். 1948இல் எண்ணூரில் தொடங்கிய மோட்டார்த் தொழிற்சாலையும், 1955 முதல் மோட்டார் சைக்கிள்கள் செய்த ஆலையும், தீப்பெட்டி, டயர், உரம் ஆகியவற்றின் ஆலைகளும் இலட்சக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போட்டவை. அவற்றைப் பழிப்பவன் நானல்லன். இவ்விடத்தை விரைந்து கடந்து கழிமுகத்துக்குப் போவோம்.

எண்ணூர் முகத்துவாரத்தை முதன்முறை பார்ப்பவர் வியந்து நிற்பார். மேற்கிலிருந்து கொசஸ்தலையாறு வருகிறது; தெற்கிலிருந்தும் வடக்கிலிருந்தும் பக்கிங்காம் கால்வாய் வந்து சேருகிறது; எல்லாம் கூடி அகன்று, ஒரு மணல்திட்டின் இடைவெளி வழியாகச் சமுத்திரத்தில் கலக்கின்றன. ஒரு காலத்தில் சென்னையிலிருந்த ஆங்கிலேயர்கள் இங்கே தோட்ட வீடுகள் அமைத்து, படகேறி உல்லாசமாகப் பொழுது போக்கினார்கள். இன்று கரையில் நின்றால் எதிரே மின் நிலையங்களின் புகைபோக்கிகள் தெரிகின்றன. ஆயினும் தண்ணீர் தண்ணீராகவே இருக்கிறது. மாசி வெயிலில் அதன் நிறம் காலையில் ஈயம், நண்பகலில் பச்சை.

காட்டுக்குப்பத்துப் பெரியவர் ஒருவர் தம்முடைய சிறு படகில் என்னை ஏற்றிக்கொண்டார். கழியின் நடுவே வந்ததும் அவர் மூங்கிலை ஊன்றிப் படகை நிறுத்தி, "இங்க ஒரு காலத்துல மூங்கிலு முழுசும் உள்ள போயிடும் சார். இப்ப பாருங்க" என்றார். மூங்கில் அவர் முழங்கால் உயரத்துக்குமேல் நனையவில்லை. அதை மேலே இழுத்து என் கையருகே நீட்டினார். நுனியில் ஒட்டியிருந்த சேறு கறுப்பாயில்லை, சாம்பல் நிறமாயிருந்தது. விரலால் தேய்த்தேன், மணலின் கரகரப்போ களியின் பிசுபிசுப்போ இல்லாமல் மாவாக நழுவிற்று. சற்று நேரம் வெயில் பட்டதும் மூங்கிலின்மேல் வெளுத்து, காற்றில் தூளாய் உதிர்ந்தது. அனல்மின் நிலையங்களில் எரிந்த நிலக்கரியின் சாம்பலை நீரோடு கலந்து குழாய்களில் கொண்டு செல்லும்போது, உடைந்த குழாய்களின் வழியே வருஷக்கணக்காகக் கசிந்து ஆற்றின் அடியில் படிந்தது அது.

"இதுல நண்டு வளை போடாது, ஐயா?" என்று கேட்டேன்.

"நண்டு எங்க சார் போடும்? எறாவுக்குச் சேறு வேணும், சேத்துல புழு வேணும். இது செத்த மண்ணு."

அவர் மேலும் விளக்கினார். அவ்விளக்கம் எந்த நூலுக்கும் குறைந்ததன்று. இறால் முட்டையிடுவது கடலில். குஞ்சுகள் வேலியேற்றத்தோடு முகத்துவாரத்தின் வழியே கழிக்குள் வந்து, ஆற்றின் நன்னீரும் கடலின் உப்பும் கலந்த நீரில், அலையாத்தி வேர்களினிடையே வளரும். மழைநீர் வடிந்து, தை கழிந்து உப்பேறத் தொடங்கியதும் வளர்ந்தவை மறுபடி கடலை நாடி இறங்கும். வாய் அடைத்துக்கொண்டால் உள்ளே வரவும் வழியில்லை. வெளியே போகவும் வழியில்லை. ஆகவே முகத்துவாரம் திறந்திருப்பது மீனவனுக்குத் தன் வீட்டுக் கதவு திறந்திருப்பதைவிட முக்கியம். பூண்டி நீர்த்தேக்கத்தில், 1944இல் கட்டிய அந்த அணையில், மழைக்காலத்தில் மதகுகளைத் திறந்தால் வெள்ளம் வந்து சேருமிடமும் இதுவே. வாய் தூர்ந்தால் வெள்ளம் ஊருக்குள் ஏறும். சென்னையின் வடபாதியைக் காப்பாற்றும் வடிகால் இந்தக் கழிதான் என்று அதிகாரிகள் அறிக்கையில் எழுதுவதை, அவர் தம் படகின் விளிம்பில் அமர்ந்தபடி சொல்லிவிட்டார்.

கரையோரத்தில் வெள்ளலையாத்திகள் இன்னும் இருக்கின்றன. அடியிலிருந்து விரல்களாக நீட்டிக்கொண்டிருக்கும் மூச்சு வேர்களின்மேல் 2023 டிசம்பர் வெள்ளத்தின்போது மிதந்து வந்த எண்ணெயின் கறுப்புக் கோடு, நான் சென்ற இடங்களில் ஆங்காங்கே மங்கலாகத் தெரிந்தது. அதற்கு முன் 2017 ஜனவரி 28இல் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது, இந்தக் கரையின் மக்களும் தன்னார்வலர்களும் வாளிகளால் அதை அள்ளினார்கள். அக்காட்சியை நினைத்தால் இன்றும் என் மனம் கொதிக்கிறது. அவர்கள் செய்யாத குற்றத்தை அவர்கள் கையாலேயே கழுவினார்கள்.

முகத்துவாரத்துக்கு வடக்கே கடலுக்கும் கால்வாய்க்கும் இடையே காட்டுப்பள்ளி என்ற நீண்ட மணல்தீவு கிடக்கிறது. இதன்மேல் நடந்து போகும் பாதையே இந்த யாத்திரையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. துறைமுகங்களின் வேலிகள் முடிந்தபிறகு சவுக்கும் பனையும் தொடங்குகின்றன. காலடியில் அடும்பு படர்ந்திருக்கிறது; மாசியில் அதன் ஊதாப் பூக்கள் காலையில் விரிந்து வெயில் ஏறுமுன் சோர்ந்துவிடும். இராவணன் மீசை என்ற புல் மணலைப் பற்றிக்கொண்டு, உருண்டையான தன் விதைத்தலைகளைக் காற்றில் உருட்டிவிடுகிறது. வலப்புறம் கடலின் இரைச்சல், இடப்புறம் அசையாத நீர். இத்தனை குறுகிய நிலத்தின் இருபுறமும் இரண்டு வேறு உலகங்கள். குப்பத்துக் குழந்தைகள் காலையில் ஓர் உலகத்திலும் மாலையில் மற்றோர் உலகத்திலும் விளையாடுகின்றன.

இடப்புறத்து நீர் பக்கிங்காம் கால்வாய். 1806இல் பேசில் காக்ரேன் என்பவர் சென்னையிலிருந்து எண்ணூர் வரை பதினொரு மைல் வெட்டியதுதான் இதன் தொடக்கம். பிறகு பழவேற்காட்டையும் தாண்டி ஆந்திர நாட்டுக்குள் நீண்டது. 1877, 78ஆம் ஆண்டுத் தாது வருஷப் பஞ்சத்தில் பட்டினி கிடந்த மக்களுக்குக் கூலி கொடுத்துக் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதியை வெட்டுவித்தபோது, அன்றைய கவர்னர் பக்கிங்காம் பிரபுவின் பெயர் இதற்கு இடப்பட்டது. விறகும் உப்பும் நெல்லும் சுண்ணாம்பும் பாய்மரப் படகுகளில் இதன் வழியே சென்னைக்கு வந்தன. மேற்கே அத்திப்பட்டுப் பக்கத்து உப்பளங்களில் பாத்திகளின் வரப்பைச் சீர்செய்து கடல்நீர் கட்டியிருந்தார்கள். வெயில் முதிர முதிர உப்பு வாரும் வேலை தொடங்கும்.

பழவேற்காட்டில் கழி ஏரியாகிறது. சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவிலேயே பெரிய உவர்நீர் ஏரி இது. நீளம் ஏறத்தாழ 60 கிலோமீட்டர். பெரும்பகுதி ஆந்திர மாநிலத்தைச் சேர்ந்தது. கிழக்கே இதைக் கடலிலிருந்து காக்கும் மணல்தீவான ஸ்ரீஹரிக்கோட்டாவிலிருந்துதான் நம் ராக்கெட்டுகள் விண்ணில் ஏறுகின்றன. இத்தனை விரிந்த ஏரி பெரும்பாலும் ஆள் மார்பளவுகூட ஆழமில்லாதது. தாம்பாளத்தில் ஊற்றிய நீர்போல் பரந்து கிடக்கிறது. அந்த ஆழமின்மையே அதன் செல்வம். வெயில் அடிவரை எட்டுவதால் பாசியும் புழுவும் பெருகுகின்றன. அவற்றைத் தேடி இறாலும் மடவையும் நண்டும் வருகின்றன. அவற்றைத் தேடிப் பறவைகளும் மனிதர்களும் வருகிறார்கள்.

ஏரியில் மீன் பிடிக்கும் முறை ஒன்று என்னைப் பெரிதும் கவர்ந்தது. நீர்ப்பரப்பில் நல்ல மீன்பாடுள்ள இடங்களுக்குப் பாடு என்று பெயர். எந்தப் பாட்டில் யார், என்று வலை போடுவது என்பதைச் சில மீனவக் கிராமங்கள் கூடிச் சீட்டுப்போட்டு முறை வைத்துத் தீர்மானிக்கின்றன. நல்ல பாடு எவனுக்கும் நிரந்தரமாகச் சொந்தமில்லை. மோசமான பாடும் எவன் தலையிலும் நிரந்தரமாக விழுவதில்லை. இம்முறையில் சேராதவர்களும் உண்டு; அவர்களுடைய மனக்குறை நியாயமானதே. எனினும் தண்ணீருக்கு வேலி போடாமல் நீதியைப் பங்கிடலாம் என்று கண்ட அந்த மூதாதையர்களின் அறிவு வணங்கத்தக்கது.

படகும் வலையும் இல்லாத ஏழைப் பெண்கள் கையாலேயே இறால் பிடிப்பதைக் கரையோரத்தில் கண்டேன். இடுப்பளவு நீரில் குந்தியபடி, இரு கைகளையும் சேற்றுக்குள் அகல விரித்துத் தடவிக்கொண்டு மெல்ல முன்னேறுகிறார்கள். ஓலையால் முடைந்த பறியின் கயிற்றைப் பற்களால் கவ்வியிருக்கிறார்கள். கை இரண்டும் நீருக்குள் இருப்பதால் வேறு வழியில்லை. விரல்களுக்கிடையே இறால் துள்ளுவதை உணர்ந்த கணத்தில் உள்ளங்கைகள் மூடிக்கொள்கின்றன. வாயருகே கொண்டுவந்து பறிக்குள் போட்டுவிட்டு மறுபடி சேற்றைத் தடவுகிறார்கள். பேச முடியாது, பாட முடியாது. மணிக்கணக்காக இப்படியே. கரையேறிய ஓர் அம்மாளின் விரல் நுனிகள் ஊறி வெளுத்து, நண்டுக் கடியும் சிப்பிக் கீறலுமாக இருந்தன. "உப்புத் தண்ணி எரியாதா, அம்மா?" என்றதற்கு, "எரியும் சாமி. மத்தியானத்துக்கு அப்புறம் மரத்துப்போயிடும்" என்றார். சாம்பலும் எண்ணெயும் கலந்த நீரில் முதலில் இறங்குவன இந்தக் கைகளே.

ஊருக்குள் டச்சுக்காரர்களின் எச்சங்கள் இருக்கின்றன. 1613இல் அவர்கள் எழுப்பிய கெல்டிரியா கோட்டை இன்று புதர் மண்டிய மேடு. 1690 வரை சோழமண்டலக் கரையில் அவர்களுக்குத் தலைநகரம் இதுவே. இங்கிருந்து சாயமிட்ட துணிகள் கீழ்த்திசைத் தீவுகளுக்குப் போயின. துணி மட்டும் போகவில்லை. பஞ்சத்தில் தம்மையும் மக்களையும் விற்ற ஏழைகள் அடிமைகளாகப் பத்தாவியாவுக்குக் கப்பலேற்றப்பட்டார்கள். கல்லறைத் தோட்டத்தின் வாயிலில் எலும்புக்கூட்டு உருவங்களைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். உள்ளே கருங்கற் பலகைகளில் வணிகர்களின் பெயர்களும் விருதுகளும் அழியாமல் இருக்கின்றன. கப்பலேறியவர்களின் பெயர்கள் எந்தக் கல்லிலும் இல்லை. இதே ஊரில் 1632 முதல் பத்து ஆண்டுகள் பாதிரியாராயிருந்த ஆபிரகாம் ரோஜர், பத்மநாபன் என்ற அந்தணரிடம் கேட்டறிந்து, நம் சமய வாழ்க்கையைப் பற்றி எழுதிய நூல் 1651இல் லெய்டனில் வெளிவந்தது. பர்த்ருஹரியின் சுலோகங்கள் அதன் வழியாகவே முதன்முதலில் ஐரோப்பிய மொழியொன்றில் ஏறின. அடிமை வியாபாரமும் சாத்திர விசாரணையும் ஒரே கோட்டையின் நிழலில் நடந்தன.

ஏரியின் வடபக்கம் படகில் சென்றபோது பூநாரைகளைப் பார்த்தோம். தொலைவில் நீருக்கும் வானுக்கும் இடையே வெண்மையும் செம்மையும் கலந்த நீண்ட வரிசை. அருகே செல்லச் செல்ல, கழுத்தை வளைத்து அலகைத் தலைகீழாகச் சேற்றில் வைத்து வடிகட்டித் தின்னும் விதம் தெளிவாயிற்று. இளம் பறவைகள் இன்னும் சாம்பல் நிறமாகவே இருந்தன. ஐப்பசி, கார்த்திகையில் வரும் இவை பங்குனி முடிவதற்குள் பெரும்பாலும் போய்விடும். படகுக்காரர் மோட்டாரை நிறுத்தி, கழியூன்றியே தூரத்தில் சுற்றிக் கொண்டுபோனார். தீனி தின்னும் பறவையைக் கிளப்பக்கூடாது என்பது அவர் கொள்கை.

எண்ணூரையும் பழவேற்காட்டையும் இரண்டு ஊர்களாகவும், இரண்டு தனித்தனிப் பிரச்சினைகளாகவும் கருதுவது தவறு என்பதே இந்த வழியெல்லாம் நான் கண்ட உண்மை. நீர் ஒன்று. தெற்கே கடலுக்குள் ஒரு சுவர் நீண்டால் வடக்கே ஒரு குப்பம் கடலுக்குப் போகிறது. எண்ணூரில் வாய் தூர்ந்தால் மணலியில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுகிறது. கழியில் சாம்பல் படிந்தால் கடலில் இறால் குறைகிறது. எண்ணூர்க் கழியையும் கொசஸ்தலையாற்றையும் சாம்பலிலிருந்து மீட்கவேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2022ஆம் ஆண்டிலேயே உத்தரவிட்டிருக்கிறது. அவ்வுத்தரவு முழுமையாக நிறைவேறவேண்டும். முகத்துவாரம் ஆண்டு முழுவதும் திறந்திருக்கவேண்டும். இக்கரையில் இனி எழும் ஒவ்வொரு சுவருக்கும் முன்னால், வண்ணியும் தெண்டியும் அறிந்த குப்பத்துப் பெரியவர்களைக் கூப்பிட்டுக் கேட்கவேண்டும். வாசகர்களை நான் வேண்டிக்கொள்வது ஒன்று உண்டு: மலைக்குப் போகுமுன் இந்த மாசியிலோ பங்குனியிலோ ஒருமுறை வடக்கே வாருங்கள், காட்டுக்குப்பத்தில் ஒரு படகில் ஏறுங்கள், மூங்கிலைக் கையில் வாங்கி நீங்களே ஊன்றிப் பாருங்கள், பார்த்ததை உங்கள் சட்டமன்ற உறுப்பினருக்கு எழுதுங்கள்.